தீபாவளி யாருக்கு எந்த நாளில்? உணவகத்திற்கு வாங்கிய சம்பளக் கணக்குச் செயலியுடன் ஓராண்டு

சென்ற தீபாவளி 2025 அக்டோபர் 20, திங்கட்கிழமை வந்தது. எங்கள் உணவகத்தில் தோசைக்கல்லைப் பார்த்துக்கொள்ளும் சமையலருக்கு வார ஓய்வு நாளும் திங்கட்கிழமைதான். பண்டிகை நாளில் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவுக்குச் சாப்பிட வரும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, அன்று அவரில்லாமல் கடையைத் திறக்க முடியாது என்பது தெரிந்திருக்கும். நாங்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க அவர் அன்று முழு நாளும் நின்றார். மறுநாள் செவ்வாய்க்கிழமையும் வழக்கம்போல் வேலைக்கு வந்தார். மாத முடிவில் எங்கள் சம்பளக் கணக்குச் செயலி இந்த இரண்டு நாள்களுக்காக அவருக்குக் கூடுதலாகக் காட்டிய தொகை 76 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 92 காசு. சட்டப்படி அவருக்குச் சேர வேண்டியிருந்தது 230 வெள்ளி 77 காசு.

வித்தியாசம் 153 வெள்ளி 85 காசு. மாதம் 2,000 வெள்ளி அடிப்படைச் சம்பளம் வாங்கி, அதில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பும் ஒருவருக்கு இது சிறிய தொகை அன்று. சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என் மேசைக்கு வந்து, "அக்கா, நான் ஆஃப் டேயிலதான் வந்தேன், தீபாவளியும் அன்னிக்குத்தான். இதுல ஒரு நாள் காசுதானே இருக்கு?" என்று கேட்ட பிறகுதான் நான் பேனாவை எடுத்துக் கணக்கை எழுதிப் பார்த்தேன். அவர் கேட்டிராவிட்டால் அந்தச் சீட்டு அப்படியே கோப்புக்குள் போயிருக்கும். அந்த எண்ணம் இன்றும் என்னை உறுத்துகிறது. இந்த மதிப்பீட்டை நான் எழுதுவதற்குக் காரணமும் அதுவே.

சிராங்கூன் சாலையை ஒட்டிய தெருவொன்றில் ஒரு கிளையும் ஈசூனில் ஒரு கிளையுமாக நடக்கும் சைவ உணவகத்தில் நான் கணக்கையும் ஆள் நிர்வாகத்தையும் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் 22 பேர் வேலை செய்கிறார்கள்: குடிமக்கள், நிரந்தரவாசிகள், ஜோகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வருகிறவர்கள், தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதிச் சீட்டில் வந்திருக்கும் சமையலர்கள். 2024 இறுதி வரை எல்லாவற்றையும் எக்செல் தாளிலும் ஒரு நீல அட்டை நோட்டிலும் வைத்திருந்தோம். ஆள் கூடக்கூட, விடுப்பு விண்ணப்பங்கள் வாட்ஸ்அப் செய்திகளுக்குள் தொலையத் தொடங்கியதால், 2025 ஜனவரியில் ஆளுக்கு மாதம் 6 வெள்ளிச் சந்தாவில் இந்தச் செயலியை வாங்கினோம்.

செயலியின் பெயரை நான் குறிப்பிடவில்லை. குறைகளை அந்த நிறுவனத்திடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். அவர்கள் சிலவற்றைத் திருத்தியும் இருக்கிறார்கள். வாங்குவதற்கு முன் செய்முறை விளக்கம் காட்டிய வேறு இரண்டு செயலிகளிலும் இதே அமைப்பைத்தான் பார்த்தேன். ஆகவே இதை ஒரு செயலியின் மேல் வைக்கும் புகாராக எடுத்துக்கொள்ளாமல், வாரம் ஏழு நாளும் திறந்திருக்கும் கடைக்காக இப்படியொன்றை வாங்க நினைப்பவர்கள் கையெழுத்திடும் முன் எதைச் சோதிக்க வேண்டும் என்று காட்டும் குறிப்பாக எடுத்துக்கொண்டால் பயனிருக்கும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். விடுப்புக்கு விண்ணப்பிக்கும் பகுதி மிக நன்றாக அமைந்திருக்கிறது. ஊழியர் கைப்பேசியில் தேதியைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறார். மேற்பார்வையாளர் ஒப்புதல் தருகிறார். மீதமுள்ள நாள்கள் உடனே குறைகின்றன. முதலாண்டில் 7 நாள், பிறகு ஆண்டுக்கொரு நாள் கூடி எட்டாம் ஆண்டில் 14 நாள் என்ற சட்டபூர்வ ஆண்டு விடுப்பை ஒவ்வொருவரும் வேலையில் சேர்ந்த தேதியைக் கொண்டு அதுவே கணக்கிடுகிறது. ஆண்டு விடுப்புக்கு நடுவே பொது விடுமுறை வந்தால் அந்த நாளை விடுப்பில் கழிப்பதில்லை. மருத்துவச் சான்றிதழைப் படமெடுத்து அனுப்பினால் அந்தந்தத் தேதியுடன் சேர்ந்துகொள்கிறது. நீல அட்டை நோட்டின் காலத்தில் யாருக்கு எத்தனை நாள் மீதம் என்று மாதத்துக்கு ஒருமுறையாவது வாக்குவாதம் எழும். கடந்த ஓராண்டில் ஒன்றுகூட எழவில்லை.

மாதாந்தரக் கழிவுகளிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மத்திய சேம நிதிக்கு 55 வயது வரையுள்ள ஊழியர் 20 விழுக்காடும் முதலாளி 17 விழுக்காடும் செலுத்த வேண்டும். விடுமுறை நாளில் வேலை செய்ததற்குக் கிடைக்கும் கூடுதல் சம்பளமும் அதில் சேரும் என்பதைச் செயலி சரியாகப் பின்பற்றியது. எங்கள் காசாளர் ஒருவருக்கு அடிப்படைச் சம்பளம் 2,450 வெள்ளி. விடுமுறை நாளில் அவர் வேலை செய்த மாதத்தில் 94 வெள்ளி 23 காசு கூடியதால் மொத்தம் 2,500 வெள்ளியைத் தாண்டியது. அந்த மாதம் அவருடைய சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) பங்களிப்பு 5 வெள்ளியிலிருந்து 7 வெள்ளிக்கு மாற வேண்டும். நான் கவனிக்கும் முன்பே செயலி அதை மாற்றியிருந்தது. இத்தனை நுணுக்கமாக எழுதப்பட்ட ஒரு கருவி, பொது விடுமுறையில் ஏன் தடுமாறுகிறது என்று நான் நெடுநாள் யோசித்தேன்.

காரணம் எளிமையானது. சிங்கப்பூரில் ஆண்டுக்கு அரசிதழில் அறிவிக்கப்படும் பொது விடுமுறைகள் 11. செயலி இந்த 11 தேதிகளையும் ஒரே நாட்காட்டியாக எடுத்து 22 பேர் மேலும் ஒரே மாதிரியாக விரிக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை இயங்கும் அலுவலகத்திற்கு அது பெரும்பாலும் போதும். அலுவலகத்தில் இருக்கும் எங்களைத் தவிர, கடையில் ஞாயிறு ஓய்வெடுப்பவர் எவருமில்லை. ஒருவருக்குத் திங்கள், ஒருவருக்குச் செவ்வாய், இன்னும் சிலருக்கு வியாழன் என்று ரோஸ்டரில் (பணி அட்டவணையில்) பிரித்துக் கொடுத்திருக்கிறோம். ஓய்வு நாள் ஆளுக்கு ஆள் மாறும்போது பொது விடுமுறையும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. வேலை நியமனச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது: பொது விடுமுறை ஒருவருடைய ஓய்வு நாளில் வந்தால், அவருக்கு அடுத்து வரும் வேலை நாள் சம்பளத்துடன் கூடிய விடுமுறையாகிறது.

இதை வைத்து எங்கள் சமையலரின் கணக்கைப் பாருங்கள். அக்டோபர் 20, திங்கள், அவருக்கு ஓய்வு நாளாகவே இருக்கிறது. முதலாளி கேட்டுக்கொண்டதன்பேரில் ஓய்வு நாளில் வழக்கமான வேலை நேரத்தின் பாதிக்கு மேல் உழைத்தவருக்கு இரண்டு நாள் அடிப்படைச் சம்பளம் கொடுக்க வேண்டும். அவருடைய தீபாவளி விடுமுறை 21, செவ்வாய்க்கு நகர்கிறது. அன்றும் அவர் வேலை செய்ததால், மாதச் சம்பளத்திற்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கும் அந்த நாள் கூலிக்கு மேல் இன்னும் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் சேர வேண்டும். ஆக மூன்று நாள். மாத அடிப்படைச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, 52 வாரத்தை வாரத்திற்கு 6 வேலை நாளால் பெருக்கி வரும் 312 ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 76 வெள்ளி 92 காசு வரும். மூன்று நாளுக்கு 230 வெள்ளி 77 காசு. செயலி திங்கட்கிழமையைப் "பொது விடுமுறை" என்று மட்டும் படித்து, ஒரு நாள் தொகையைப் போட்டு, செவ்வாயைச் சாதாரண நாளாக விட்டுவிட்டது.

அக்டோபர் சம்பளத்தை நவம்பர் 7க்குள், அதாவது சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள், கொடுத்து முடித்தாக வேண்டும். அவர் கேட்டது நவம்பர் 3. அன்றே முதலாளியிடம் காட்டினேன்; 5ஆம் தேதி மீதித் தொகையை அவருடைய வங்கிக் கணக்கில் போட்டு, திருத்திய சம்பளச் சீட்டும் கொடுத்தோம். பிறகு அதே ஆண்டின் மற்ற விடுமுறைகளையும் ஒவ்வொருவருடைய ரோஸ்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டு இரவுகள் பிடித்தன. மேலும் மூன்று பேருக்கு இதேபோல் விடுமுறை நகராமல் போயிருந்தது. அவர்களில் ஒருவர்கூட என்னிடம் கேட்டிருக்கவில்லை.

அவர்கள் கேட்காததற்கு மொழியும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் பேச்சில் ஓய்வு நாளும் லீவு, ஆண்டு விடுப்பும் லீவு, எம்சியும் (மருத்துவ விடுப்பு) லீவு, தீபாவளியும் லீவு. "எனக்கு அன்னிக்கு லீவு" என்று ஒருவர் சொல்லும்போது இவற்றில் எதைச் சொல்கிறார் என்பது சூழலை வைத்துத்தான் விளங்கும். ஆனால் சம்பளம் ஒவ்வொன்றுக்கும் வேறு. லீவு நாளில் வேலை செய்தால் "டபுள் பே" என்ற ஒரு சொல்லும் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. பொது விடுமுறையில் அந்த "டபுள்" என்பது மாதச் சம்பளத்தில் இருக்கும் ஒரு நாளும் கூடுதலாக ஒரு நாளும். ஓய்வு நாளில் முழு வேலை செய்தால் கூடுதலாகவே இரண்டு நாள். இந்த வேறுபாட்டைச் சம்பளச் சீட்டு வரிவரியாகப் பிரித்துக் காட்டியிருந்தால் ஊழியரே பிடித்திருப்பார். எங்கள் செயலியின் சீட்டில் இருந்தது "விடுமுறைப் படி" என்று பொருள்படும் ஓர் ஆங்கில வரி, அதற்கு எதிரே ஒரு தொகை, அவ்வளவுதான்.

சீட்டு ஆங்கிலத்திலும் சீனத்திலும் கிடைக்கிறது. தமிழில் இல்லை. தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. லிட்டில் இந்தியாவில் இத்தனை கடைகளுக்கு விற்கப்படும் ஒரு கருவியில் பத்துப் பன்னிரண்டு தலைப்புச் சொற்களைத் தமிழாக்குவது பெரிய வேலையாக இருக்காது. தங்கள் சம்பளத்தைத் தாங்களே படித்துப் பார்க்க முடியாத நிலையில் ஊழியர்களை வைத்திருப்பது எனக்கு ஒப்பவில்லை. நவம்பர் முதல் நானே ஒரு பக்கத் தமிழ்த் தாளைச் சீட்டுடன் சேர்த்துக் கொடுக்கிறேன்: அடிப்படைச் சம்பளம், படிகள், கூடுதல் நேரம், ஓய்வு நாள் வேலை, பொது விடுமுறை வேலை, கழிவுகள் என்று ஒவ்வொன்றும் தனித்தனி வரியில். அதற்கு மாதம் அரை நாள் செலவாகிறது.

அடுத்தது அடிப்படைச் சம்பளத்துக்கும் மொத்தச் சம்பளத்துக்கும் உள்ள வேறுபாடு. இங்கே செயலி செய்த பிழை விநோதமானது. இரண்டு இடத்தில் இரண்டு திசையில் தவறியது. எங்கள் மேற்பார்வையாளருக்கு அடிப்படை 2,400 வெள்ளி, வருகைப் படி 200, உணவுப் படி 150. விடுமுறை நாளில் வேலை செய்ததற்குரிய கூடுதல் நாளை அடிப்படைச் சம்பளத்தில் மட்டுமே கணக்கிட வேண்டும். 92 வெள்ளி 31 காசு வரும். செயலி எல்லாப் படியையும் சேர்த்து 2,750 வெள்ளிக்குக் கணக்கிட்டு 105 வெள்ளி 77 காசு போட்டது. கூடக் கொடுத்ததில் எவருக்கும் நட்டமில்லை, அதை நாங்கள் திரும்பக் கேட்கவும் இல்லை. ஆனால் என்னோடு அலுவலகத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை வேலை பார்க்கும் உதவியாளருக்கு நேர்மாறாக நடந்தது. ஐந்து நாள் வேலைக்காரருக்குச் சனிக்கிழமை ஓய்வு நாள் அல்ல, வேலையில்லாத நாள். அன்று பொது விடுமுறை வந்தால் அவருக்கு ஒரு நாள் மொத்தச் சம்பளமோ, பதிலாக ஒரு நாள் விடுப்போ தர வேண்டும். மொத்தச் சம்பளம் என்றால் படிகளும் சேரும். பயணப் படி, உணவுப் படி, தங்குமிடப் படி போன்றவை மட்டும் சேரா. அவருக்கு அடிப்படை 2,500, திறன் படி 100. ஒரு நாள் மொத்தச் சம்பளம் 120 வெள்ளி. செயலி காட்டியது 115 வெள்ளி 38 காசு.

நாலரை வெள்ளிச் சொச்சம்தானே என்று தோன்றலாம். 2025இல் அப்படிப்பட்ட சனிக்கிழமைகள் மூன்று வந்தன: மே 3 வாக்களிப்பு நாள், ஜூன் 7 ஹஜ்ஜுப் பெருநாள், ஆகஸ்ட் 9 தேசிய தினம். மூன்றுக்கும் சேர்த்து 13 வெள்ளி 86 காசு. இந்தப் பிழையை உதவி மையம் ஒரே நாளில் ஒப்புக்கொண்டு, எந்தக் கணக்குக்கு எந்தப் படி சேரும் என்று நாமே குறித்துக்கொள்ளும் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டது. அந்தப் பக்கம் தொடக்கத்திலிருந்தே செயலிக்குள் இருந்திருக்கிறது. நிறுவும்போது எவரும் எங்களுக்குக் காட்டவில்லை. புதிதாக வாங்குகிறவர்கள் முதல் நாளே அதைத் தேடித் திறக்க வேண்டும்.

வாக்களிப்பு நாளைப் பற்றி இன்னொன்று. 2025 ஏப்ரல் 15 அன்று நாடாளுமன்றம் கலைக்கப்பட்டு, 23இல் வேட்புமனுத் தாக்கல், மே 3இல் வாக்களிப்பு என்று அறிவிக்கப்பட்டது. வாக்களிப்பு நாளும் பொது விடுமுறைதான். மே மாத ரோஸ்டரை நாங்கள் ஏற்கெனவே ஒட்டியிருந்தோம். செயலியின் நாட்காட்டியில் அந்த நாள் மே 5 வரை தோன்றவில்லை. அதற்குள் 3ஆம் தேதி வேலை செய்த 14 பேரின் நேரப்பதிவும் சாதாரணச் சனிக்கிழமை என்று உறுதியாகிவிட்டது. ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றினேன். முன்னறிவிப்பு குறைவான விடுமுறையை வாடிக்கையாளரே சேர்த்துக்கொள்ள ஒரு பொத்தான் வைக்குமாறு கேட்டேன், ஜூலையில் வைத்துவிட்டார்கள். இதற்காக அவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். இப்போது அதே பொத்தானைக் கொண்டு தைப்பூசத்தையும் எங்கள் நிறுவன விடுமுறையாகச் சேர்த்திருக்கிறோம். 1968இல் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து தைப்பூசம் நீங்கியதிலிருந்து, காவடி எடுப்பவர்களும் பால்குடம் சுமப்பவர்களும் ஆண்டு விடுப்பிலிருந்து ஒரு நாளை எடுத்துத்தான் போகிறார்கள். எங்கள் முதலாளி அந்த ஒரு நாளைத் தம் செலவில் கொடுக்க முன்வந்ததில் எனக்குப் பெருமை உண்டு.

விடுமுறைக்குப் பதில் விடுப்பு, ஊழியர் பேச்சில் "ஆஃப் இன் லியூ", கொடுக்கும் முறையில்தான் எனக்கு மிகுந்த மனக்குறை. விடுமுறையில் வேலை செய்தவருக்குக் கூடுதல் சம்பளத்திற்குப் பதிலாக வேறொரு நாள் விடுப்புத் தரலாம். ஆனால் எங்கள் சமையலர்கள், பரிமாறுபவர்கள் போன்றோருக்கு அது இரு தரப்பும் ஒத்துக்கொண்டு செய்ய வேண்டியது. செயலியோ நிறுவிய நாளிலிருந்தே எல்லாருக்கும் "பதில் விடுப்பு" என்பதையே இயல்பு நிலையாக வைத்திருந்தது. ஊழியரிடம் கேட்கும் கட்டமே அதில் இல்லை. 2025 ஜனவரி 29, 30 சீனப் புத்தாண்டில் வேலை செய்த ஒன்பது பேருக்குக் காசு ஏறாமல் நாள் ஏறியிருந்தது. அதைவிட மோசம், அந்த நாள்களை மூன்று மாதத்தில் காலாவதியாக்கும் அமைப்பும் உடன் இருந்தது. ஏப்ரல் இறுதியில் இருவருடைய கணக்கிலிருந்து இவ்விரண்டு நாள் சத்தமில்லாமல் மறைந்துபோயிற்று. பண்டிகை நாளில் குடும்பத்தை விட்டு அடுப்படியில் நின்று சம்பாதித்த நாளை, எவரும் முடிவெடுக்காமல் ஓர் இயந்திரம் அழித்துவிடக் கூடாது. அந்த நாள்களை மீட்டுக் கொடுத்தேன். காலாவதியை முற்றாக நிறுத்திவிட்டேன். இப்போது ஒவ்வொரு விடுமுறைக்கும் முன்பே "காசா, நாளா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, அவர் கையெழுத்திட்ட பதிலை வைத்துக்கொள்கிறோம். மாதம் 4,500 வெள்ளிக்கு மேல் வாங்கும் எங்கள் இரு மேலாளர்களுக்கு விதி வேறு. அவர்களுக்கு நேரக் கணக்கில் ஓய்வு தரவும் இடமுண்டு. செயலியில் அந்தப் பிரிவைத் தனியாக வைக்க வழியிருக்கிறது, அது சரியாகவே இயங்குகிறது.

விடுமுறையை இரு தரப்பும் பேசி மாற்றிக்கொள்ளவும் சட்டம் இடங்கொடுக்கிறது. எங்கள் ஈசூன் கிளையில் மாவு அரைப்பவர் கடையநல்லூர்க்காரர். அவருக்கு நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாளும் வேண்டும், தீபாவளியன்று வேலைக்கு வருவதில் தடையில்லை. அவருடைய தீபாவளி விடுமுறையை அந்த முந்தின நாளுக்கு மாற்றினோம். செயலியில் ஒருவருக்கு மட்டும் விடுமுறையை இடம் மாற்றும் வசதி இருக்கிறது. அதுவும் மூன்றே தட்டலில் முடிகிறது. ஆளுக்கொரு நாட்காட்டி வைக்கும் திறன் செயலிக்குள் இருக்கிறது என்பதற்கு இதுவே சான்று. அந்தத் திறனை ஓய்வு நாளோடு தானாக இணைக்காமல் விட்டிருப்பதுதான் குறை.

வராமல் போனவருக்கான விதியிலும் இதே குழப்பம் தலைகாட்டியது. பொது விடுமுறைக்கு உடனே முன்போ உடனே பின்போ வரும் வேலை நாளில், ஒப்புதலோ தக்க காரணமோ இல்லாமல் ஒருவர் வராமல் போனால் விடுமுறைச் சம்பளம் அவருக்குக் கிடையாது. இதைச் செயலி தானாகவே பார்த்துப் பிடித்தம் செய்கிறது. புனித வெள்ளி 2025 ஏப்ரல் 18. வியாழக்கிழமை ஓய்வெடுக்கும் ஒரு பரிமாறுபவர் 17ஆம் தேதி நேரம் பதியவில்லை என்று கண்டு, வெள்ளிக்கிழமைச் சம்பளத்தைப் பிடிக்கப் பரிந்துரைத்தது. அவர் ஓய்வு நாளில் எதற்குப் பதிய வேண்டும்? முந்தின நாளைப் பார்க்கிறதே தவிர, முந்தின வேலை நாளைப் பார்க்கவில்லை. சம்பளம் போடும் முன் பார்த்துவிட்டதால் தப்பித்தோம். இந்தத் தானியங்கிப் பிடித்தத்தை அன்றே அணைத்தேன். வேறு எதை வைத்துக்கொண்டாலும் இதை மட்டும் அணைத்துவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. ஒருவருடைய கூலியைக் குறைக்கும் முடிவை ஒரு மனிதர் பார்த்து எடுக்க வேண்டும்.

கூடுதல் நேரக் கணக்கில் பிழையில்லை. தீபாவளியன்று வழக்கமான எட்டு மணி நேரத்துக்கு மேல் மூன்று மணி நேரம் நின்ற இன்னொரு சமையலருக்கு, அவருக்கும் அடிப்படை 2,000 வெள்ளி, ஒன்றரை மடங்கு வீதத்தில் 47 வெள்ளி 20 காசைத் தனியாகச் சரியாகக் காட்டியது. வாரத்திற்கு 35 மணி நேரத்துக்குக் குறைவாக வரும் பகுதிநேரப் பரிமாறுபவர்களின் விடுமுறைச் சம்பளத்தை மட்டும் செயலி தொடுவதே இல்லை. அதைப் பழைய எக்செல் தாளிலேயே வைத்திருக்கிறேன்.

உதவி மையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். திங்கள் முதல் வெள்ளி, காலை 9 முதல் மாலை 6 வரை. பொறுமையாகப் பேசுகிறார்கள், மின்னஞ்சலுக்கு ஒரே நாளில் பதில் வருகிறது. ஆனால் பொது விடுமுறைகளில் அவர்களும் விடுமுறை. எங்களைப் போன்ற கடைகளுக்குக் கேள்வி எழுவதே அந்த நாள்களில்தான். தீபாவளிக் கணக்கைப் பற்றி நான் முதலில் பேசியபோது, "நாட்காட்டியில் திங்கள் என்றுதானே இருக்கிறது" என்பதே பதிலாக வந்தது. மனிதவள அமைச்சின் இணையப்பக்கத்தில் அந்த விதி இருக்கும் பகுதியை அனுப்பிய பிறகு ஒரு மூத்த அதிகாரி அழைத்து, கணக்கு நான் சொன்னபடிதான் என்று ஏற்றுக்கொண்டார். டிசம்பரில் வந்த புதிய பதிப்பில், ஊழியரின் ஓய்வு நாளைப் பதிந்தால் விடுமுறை அடுத்த நாளுக்குத் தானாக நகரும் என்று எழுதியிருந்தார்கள்.

22 பேருக்கு மாதம் 132 வெள்ளி, ஆண்டுக்கு 1,584 வெள்ளி. விடுப்புப் பகுதியும் சேம நிதிக் கணக்கும் மிச்சப்படுத்தும் நேரத்தை நினைத்தால் இந்த விலையை நான் அதிகம் என்று சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மூடும் அலுவலகம், துணைப்பாட நிலையம், கணக்காய்வு நிறுவனம் போன்றவற்றுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். உணவகம், மளிகைக் கடை, முடிதிருத்தும் நிலையம், காவல் பணி என்று ஓய்வு நாள் சுழலும் இடங்களுக்கு, ஒவ்வொரு விடுமுறை மாதத்திலும் கையால் ஒருமுறை சரிபார்க்க ஆளிருந்தால் மட்டுமே.

இந்த ஜனவரியில் சந்தாவைப் புதுப்பிக்கும் முன் புதிய பதிப்பைச் சோதித்தேன். 2026 சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17, 18, செவ்வாயும் புதனும். செவ்வாய் ஓய்வெடுக்கும் எங்கள் வடை போடுபவரின் பெயரைத் திறந்து பார்த்தேன். செவ்வாய் அவருக்கு ஓய்வு நாள் என்பதைச் செயலி இம்முறை கண்டுகொண்டது. விடுமுறையை ஒரு நாள் நகர்த்தவும் செய்தது. நகர்த்தி வைத்த இடம் புதன். புதன் தன்னளவிலேயே பொது விடுமுறை. 2023இல் சீனப் புத்தாண்டு ஞாயிறும் திங்களுமாக வந்தபோது நாடு முழுவதும் செவ்வாய்க்கிழமை விடுமுறையாயிற்றே, அதே முறைப்படி இவருக்கு வியாழன், 19ஆம் தேதி, கிடைக்க வேண்டும். இரண்டு விடுமுறைகளை ஒரே நாளில் அடுக்கிவிட்டு ஒன்றைச் செயலி இழந்துவிட்டது. வியாழனை நானே கையால் பதிந்து, திரையைப் படமெடுத்து உதவி மையத்துக்கு அனுப்பியிருக்கிறேன். ஆண்டுச் சந்தா கட்டினால் இரண்டு மாதத் தொகை குறையும் என்றார்கள். இப்போதைக்கு மாதச் சந்தாவாகவே வைத்திருக்கிறோம்.